எம்டன் பிறந்த பட்டறை

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் ஒரு சிறிய கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப்போரின்போது, 1914 செப்டம்பர் 22 அன்று, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடம் அது. பாரிமுனைப் பக்கம் போனால் அந்தச் சுவர் ஓரமாக ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவேன். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. "அவன் சரியான எம்டன்" என்று யாரையாவது சொன்னால், ஆள் கெட்டிக்காரன், எதற்கும் துணிந்தவன், கொஞ்சம் எச்சரிக்கையாக இரு என்று பொருள். ஒரு கப்பலின் பெயர் இப்படிப் பேச்சு வழக்கில் குடியேறுவது அபூர்வம்.

எம்டனைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த அரைமணி நேரக் குண்டுவீச்சையும், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் சாமர்த்தியத்தையும் சுற்றியே வருகின்றன. அவை இரண்டும் உண்மைதான். ஆனால் எனக்கு நெடுநாளாக வேறு ஒரு கேள்வி. நான்காயிரம் டன்கூட இல்லாத, அன்றைக்கே கொஞ்சம் பழைய பாணியான ஒரு கப்பல், இரண்டு மாதம் இந்தியப் பெருங்கடலின் வணிகத்தை நடுங்க வைத்தது எப்படி? அதே கப்பல் இன்னொரு கப்பலைச் சந்தித்த ஒன்றரை மணி நேரத்தில் இரும்புக் குப்பையானது ஏன்? இதற்கான பதிலில் பாதி முல்லரிடம் இருக்கிறது. மீதிப் பாதி, சண்டைக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பால்டிக் கடலோரத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இருக்கிறது. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

டான்சிக்

இன்று போலந்தில் கிடான்ஸ்க் என்று அழைக்கப்படும் நகரம், அன்று ஜெர்மானியப் பேரரசின் டான்சிக். விஸ்துலா ஆற்றின் கிளை ஒன்றின் கரையில், பிரஷ்யக் கடற்படைக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான தளம் அது. 1871இல் ஜெர்மனி ஒன்றாகிப் பேரரசு ஆனதும் தளத்தின் பெயரும் 'பேரரசுக் கப்பல் தளம்' என்று மாறியது. இந்தப் பெயரில் ஜெர்மனியில் மூன்று தளங்கள் இருந்தன: கீல், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன், டான்சிக். மூன்றில் டான்சிக்தான் சிறியது. பெரிய போர்க்கப்பல்கள் மற்ற இரண்டுக்கும் தனியார் தளங்களுக்கும் போகும். டான்சிகுக்குச் சிறிய குரூசர்கள், அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்கள், வரும். தேட்டிஸ், பெர்லின், நகரத்தின் பெயரையே தாங்கிய டான்சிக் ஆகியவை அங்கே கட்டப்பட்டவை.

1906இல் இந்தத் தளத்துக்கு ஒரு புதிய குரூசருக்கான ஆணை வந்தது. அப்போது அதற்குச் சொந்தப் பெயர் கிடையாது. பழைய 'ஃபைல்' என்ற கப்பலுக்குப் பதிலாக வருவதால் ஏடுகளில் 'ஃபைலுக்கு மாற்று' என்றுதான் இருந்தது. 1906 நவம்பர் 1 அன்று ஏரா வைத்தார்கள். கப்பலின் முதுகெலும்பான அடிக்கட்டையை நம் கடற்கரையில் தோணி கட்டுகிறவர்கள் ஏரா என்பார்கள். இரும்புக் கப்பலுக்கும் தொடக்கம் அதுதான். அதன்மேல் விலா எலும்புகள் மாதிரி சட்டங்கள், சட்டங்களின் மேல் எஃகுத் தகடுகள், தகடுகளை இணைக்க ரிவெட்டுகள். பற்றவைப்பு வராத காலம். ஒருவர் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துக் கொடுப்பார், ஒருவர் துளையில் செருகி ஒரு பக்கம் அழுத்திப் பிடிப்பார், மறுபக்கம் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். இந்த வேலையில் ஆயுள் முழுக்க இருந்தவர்களில் பலர் காது கேட்காமல்தான் ஓய்வு பெற்றார்கள். உலகத்தின் எந்தத் தளத்திலும் அதே கதைதான்.

1908 மே 26 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. எம்டன் நகரத்தின் மேயர் லியோ ஃபூர்பிரிங்கர் வந்து தன் ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், எடை 3,664 டன். பன்னிரண்டு நிலக்கரிக் கொதிகலன்கள், மூன்று புகைபோக்கிகள், பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், தண்ணீருக்கு அடியில் இரண்டு டார்பிடோக் குழாய்கள். ஆட்கள் ஏறத்தாழ 360 பேர்.

இங்கே நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எம்டனுக்கு ஓர் உடன்பிறப்பு, டிரெஸ்டன். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான். டிரெஸ்டனை ஹாம்பர்க்கில் புளோம் உண்ட் ஃபாஸ் என்ற தனியார் தளம் கட்டியது. அதற்குப் புத்தம் புதிய டர்பைன் எஞ்சின். டான்சிகில் கட்டிய எம்டனுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின். இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது கடற்படையின் எண்ணம். ஜெர்மானியக் கடற்படையில் பிஸ்டன் எஞ்சினோடு வந்த கடைசிக் குரூசர் எம்டன்தான்.

கேட்கும்போது எம்டனுக்கு அநியாயம் நடந்த மாதிரி தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைய டர்பைன்கள் சுழல்விசிறியோடு நேரடியாக இணைக்கப்பட்டவை. முழு வேகத்தில் அவற்றை அடிக்க ஆளில்லை. மெதுவாக ஊர்ந்து போகும்போதோ நிலக்கரியை விழுங்கும். பிஸ்டன் எஞ்சின் நிதான ஓட்டத்துக்குச் சிக்கனமானது. பழுதானால் கப்பலில் இருக்கிறவர்களே பிரித்துப் பூட்டிவிடலாம். சொந்தத் துறைமுகம் எதுவும் இல்லாத கடலில் இரண்டு மாதம் தனியாக அலைகிற கப்பலுக்கு எது வேண்டும்? பழைய எஞ்சின் எம்டனுக்குக் கிடைத்த வரம் என்றே நான் சொல்வேன். டிரெஸ்டனுக்கு அதன் டர்பைன் வேறு விதத்தில் உதவியது: 1914 டிசம்பரில் ஃபாக்லாந்துத் தீவுகள் அருகே ஜெர்மானிய அணியின் மற்ற போர்க்கப்பல்கள் எல்லாம் மூழ்க, டிரெஸ்டன் மட்டும் வேகத்தால் தப்பித்தது. அப்புறம் 1915 மார்ச்சில் சிலியின் தீவு ஒன்றின் அருகே சிக்கிக்கொண்டு, தன் ஆட்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது.

பீரங்கி விஷயத்தில்தான் வரைபடம் போட்டவர்கள் சறுக்கினார்கள். 10.5 செ.மீ. பீரங்கி வேகமாகச் சுடும், குறி தப்பாது. ஆனால் அதன் குண்டு 17 கிலோதான். அதே காலத்தில் பிரிட்டிஷ் தளங்கள் குரூசர்களில் 6 அங்குலப் பீரங்கிகளை ஏற்றத் தொடங்கிவிட்டன. அந்தக் குண்டு 45 கிலோ. இந்த வித்தியாசத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கிழக்கே

1910 ஏப்ரலில் எம்டன் கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அதன்பின் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. சீனாவில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதற்கு வீடு. வெள்ளை வண்ணமும் மெலிந்த உடலும் பார்த்து 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அன்னத்தின் முதல் வேலையை நம் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பசிபிக் கடலில் ஜெர்மனி ஆண்ட போனாப்பே தீவில், கட்டாய உழைப்பை எதிர்த்து சோகேஸ் மக்கள் கிளர்ந்தார்கள். 1911 ஜனவரியில் எம்டன் அங்கே போய்ச் சுட்டது, ஆட்களை இறக்கியது. கிளர்ச்சி அடங்கியதும் 15 பேரை நிற்க வைத்துச் சுட்டார்கள். 400க்கும் மேற்பட்டவர்களைப் பலாவ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். முல்லர் எம்டனுக்குத் தலைவராக வந்தது 1913இல்தான், ஆகவே இதில் அவருக்குப் பங்கில்லை. கப்பலுக்கு உண்டு. பிரிட்டிஷாரைக் கலங்கடித்தது என்பதற்காக எம்டனை நம் பக்கத்துக் கப்பலாக நினைத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அது ஒரு காலனிப் பேரரசின் கப்பல், அந்த வேலைக்கென்றே கட்டப்பட்டது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார், அவர்தான் சென்னைக்கு வழிகாட்டினார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய உண்மையான வாழ்க்கையே போதுமான அளவு துணிச்சல் நிறைந்தது. இந்தக் கதை அதற்குத் தேவையில்லை. எம்டனில் இந்தத் துறைமுகங்களை நன்றாக அறிந்தவர் ஒருவர் இருந்தார்தான். ஆசியக் கடல்களில் வணிகக் கப்பல் கேப்டனாக ஓடிப் பழகிய யூலியஸ் லவுட்டர்பாக்.

போர் தொடங்கியதும் ஜெர்மானிய அணி பேகன் தீவில் கூடியது. அணித் தலைவர் ஃபான் ஸ்பே தென் அமெரிக்கா பக்கம் போக முடிவெடுத்தார். ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்று முல்லர் சொன்னார், அவரையே அனுப்பினார்கள். கூடவே மார்க்கமானியா என்ற நிலக்கரிக் கப்பல்.

நிலக்கரி. இந்தக் கதையின் அடிநாதமே அதுதான். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் எம்டன் ஓடக்கூடிய தூரம் சுமார் 3,760 கடல் மைல். கணக்குப் போட்டால் 13 நாள். அதற்குள் எங்காவது நிலக்கரி ஏற்றியாக வேண்டும். துறைமுகமோ கிடையாது. நடுக்கடலில் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, வெப்பமண்டல வெயிலில், மூட்டை மூட்டையாகச் சுமந்து கொட்ட வேண்டும். கடல் கொஞ்சம் அசைந்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளும். எம்டன் மாலுமிகளின் நாட்களில் சண்டை கொஞ்சம், கரி சுமந்தது அதிகம்.

பிடித்த கப்பல்களிலிருந்தே கரி எடுத்தார்கள். செப்டம்பர் 10 வாக்கில் வங்கக் கடலில் முதலில் சிக்கிய கிரேக்கக் கப்பல் பொந்தோபோரஸில் 6,500 டன் இந்திய நிலக்கரி இருந்தது. தரம் குறைந்த கரி, கரும்புகை கிளப்பும், ஒளிந்து திரிகிற கப்பலுக்கு ஆகாது. அடுத்துச் சிக்கிய இண்டஸில் சோப்பு ஏராளமாக இருந்தது. கரித்தூளில் குளித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு அதைவிடப் பெரிய புதையல் வேறென்ன. பிறகு லோவட், கில்லின், தேயிலை ஏற்றி வந்த டிப்ளமேட், டிராபாக், கிளான் மேத்திசன் என்று வரிசையாக. ஆட்களை இறக்கிக்கொண்டு, கப்பலை மட்டும் மூழ்கடிப்பதுதான் முல்லரின் முறை. பிடித்தவர்களைச் சேர்த்து வைத்து, ஏதாவது ஒரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுவார்.

மூன்று புகைபோக்கிகளோடு இருந்த எம்டனுக்கு, துணைத் தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கே சொன்னபடி போலியாக நான்காவது ஒன்றும் செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் குரூசர் யார்மத் மாதிரி தெரியும்.

ஒரே நாள்

1914 செப்டம்பர் 22. இரவு 9 மணிக்கு மேல் எம்டன் சென்னைக்கு நேரே வந்து நின்றது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கரையிலிருந்து மூன்றாயிரம் கெஜம் தொலைவில் தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் தேடிப்பிடித்துச் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன, வேறு சில சேதமடைந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றிலும் குண்டு விழுந்து சிலர் இறந்தார்கள். சுமார் 130 குண்டுகள். கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் சுட்டும் பயனில்லை, கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. எரிந்த எண்ணெயின் மதிப்பு பெரிதில்லை. மறுநாள் முதல் ஊரைக் காலி செய்துகொண்டு உள்நாட்டுக்குப் போன கூட்டமும், வங்கக் கடலில் நின்றுபோன கப்பல் போக்குவரத்தும்தான் உண்மையான சேதம்.

இது எல்லோருக்கும் தெரிந்தது. அதே நாள் காலையில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. சென்னையில் விளக்கேற்றுவதற்குப் பல மணி நேரம் முன்பு, ஐரோப்பாவில் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால், யு-9 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி. ஒன்றரை மணி நேரம்தான். 1,450 பேருக்கு மேல் மாண்டார்கள். நீர்மூழ்கி என்பது விளையாட்டுப் பொருள் இல்லை என்று உலகக் கடற்படைகள் புரிந்துகொண்ட காலை அது.

யு-9 எங்கே கட்டப்பட்டது? டான்சிகில். எம்டன் பிறந்த அதே தளத்தில்.

முதன்முதலில் இதை அறிந்தபோது நான் தேதிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரே தளத்தில் பிறந்த இரண்டு கப்பல்கள், உலகத்தின் இரு முனைகளில், ஒரே நாளில். ஜெர்மானியப் பேரரசர் இரண்டு கப்பல்களுக்கு இரும்புச் சிலுவைச் சின்னத்தை அளித்தார்: எம்டனுக்கும் யு-9க்கும்.

தற்செயல்தான், ஆனால் வெறும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. 1908 மே மாதம் எம்டன் தண்ணீரில் இறங்கியது என்று சொன்னேன். மூன்றே வாரம் கழித்து, ஜூன் 18 அன்று, அதே தளத்தில் யு-2 இறங்கியது. பெரிய கப்பல்களைக் கட்ட வாய்ப்புக் கிடைக்காத டான்சிக் தளம் நீர்மூழ்கியைத் தன் தனித்தொழிலாக எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் முதல் டீசல் நீர்மூழ்கியான யு-19 அங்கே உருவானதுதான். அந்த ஒரு வசந்த காலத்தில் தளத்தின் ஒரு மூலையில் பழைய உலகத்தின் கப்பலும் இன்னொரு மூலையில் புதிய உலகத்தின் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன. ஒன்று, எதிரிக் கப்பலை நிறுத்தி, ஏடுகளைப் பார்த்து, ஆட்களை இறக்கிவிட்டு மூழ்கடிக்கும். மற்றது எதையும் கேட்காது. 1915 மே மாதம் லூசிடேனியா என்ற பயணிகள் கப்பலை எச்சரிக்கை இல்லாமல் அடித்துச் சுமார் 1,200 பேரைக் கொன்ற யு-20உம் டான்சிக் தயாரிப்புத்தான். முல்லரின் கண்ணியத்தைப் பேசும்போது இதையும் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். ரிவெட் அடித்த கைகள் இரண்டுக்கும் ஒன்றே.

ஒன்றரை மணி நேரம்

சென்னைக்குப் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனது. கொழும்புக்குப் போகிற, வருகிற கப்பல்கள் சிக்கின. அவற்றில் பியூரெஸ்க் என்ற கப்பலில் 6,600 டன் வேல்ஸ் நிலக்கரி, புகை குறைந்த முதல்தரக் கரி. பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போனது எம்டனின் கொதிகலனுக்கு வந்தது. டியகோ கார்சியா தீவில் இறங்கியபோது அங்கிருந்தவர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே தெரியாது. எம்டன்காரர்களும் சொல்லவில்லை. அவர்களுடைய மோட்டார்ப் படகைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 அதிகாலை, பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை இரண்டு டார்பிடோக்களால் பிளந்தது. ஜெம்சுக் 1905இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்சண்டையில் தப்பிய கப்பல். அதன் கேப்டன் அன்று இரவு கரையில் தங்கியிருந்தார். வெளியே வரும்போது எதிர்ப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் முஸ்கேயும் மூழ்கியது. தப்பிப் பிழைத்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரை எம்டன் தண்ணீரிலிருந்து தூக்கியது.

நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளின் டைரக்‌ஷன் தீவு. ஆஸ்திரேலியாவை உலகத்தோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பிகள் அங்கேதான் சந்தித்தன. அவற்றை அறுக்க மியூக்கேயோடு 50 பேர் இறங்கினார்கள். தந்தி நிலைய ஊழியர்கள் சண்டை போடவில்லை. கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள், ஜெர்மானியர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தி நூறு கிலோமீட்டருக்குள் இருந்த பெரும் கப்பல் கூட்டம் ஒன்றின் காதில் விழுந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை எகிப்துப் பக்கம் ஏற்றிப்போகிற கப்பல்கள். காவலுக்கு வந்த ஜப்பானியக் கப்பல் இபுகியும் போக ஆசைப்பட்டது. அனுப்பியது ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னியை. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில், கோவன் என்ற இடத்தில் கட்டிய கப்பல் அது. எம்டனை விட நாலைந்து வயது இளையது. 5,400 டன், டர்பைன் எஞ்சின், பக்கவாட்டில் 3 அங்குலக் கவசம், எட்டு 6 அங்குலப் பீரங்கிகள்.

இப்போது அந்த 17 கிலோவையும் 45 கிலோவையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 9.40 மணி வாக்கில் எம்டன்தான் முதலில் சுட்டது. தூரம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். சிட்னியின் கேப்டன் ஜான் கிளாசப் அவ்வளவு தூரத்திலிருந்து குண்டு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சீக்கிரமே குறி பதிந்தது. சிட்னியின் தூரம் அளக்கும் கருவியே அடிபட்டது. குறியில் டான்சிக் கப்பலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குண்டுகளில் பல வெடிக்கவில்லை, வெடித்தவையும் அந்த உடலைத் துளைக்கப் போதவில்லை. தவிர, பீரங்கிகளில் பழகிய ஆட்களில் ஒரு பகுதியினர் கரையில் மியூக்கேயோடு இருந்தார்கள்.

சிட்னி வேகத்தைப் பயன்படுத்தித் தனக்குப் பிடித்த தூரத்துக்கு விலகி நின்றுகொண்டது. அதன்பின் நடந்தது சண்டையே இல்லை. மூன்று புகைபோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன, முன்பாய்மரம் விழுந்தது, சுக்கான் போனது. எம்டனுக்குக் கவசம் கிடைமட்டத் தட்டில்தான் (டெக்), பக்கவாட்டில் கவசப் பட்டை கிடையாது. புகைபோக்கி விழுந்தால் கொதிகலனுக்குக் காற்றோட்டம் போய்விடும். காற்றோட்டம் போனால் வேகம் போய்விடும். டார்பிடோ விட நெருங்கிப் போகவும் முல்லரால் முடியவில்லை. 11.20 வாக்கில், இருக்கிற ஆட்களையாவது காப்பாற்ற, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறை மேல் கப்பலை ஏற்றினார். எம்டன் தரைதட்டியது, அதன் கதை முடிந்தது என்று சிட்னி செய்தி அனுப்பியது.

பிறகு சிட்னி, எம்டன் கைப்பற்றி வைத்திருந்த நிலக்கரிக் கப்பல் பியூரெஸ்க்கைத் துரத்திப் போய்விட்டுப் பிற்பகலில் திரும்பியது. எம்டனின் கொடி இன்னும் இறங்கவில்லை. சரணடையச் சொல்லிப் பதில் வராததால் மீண்டும் சுட்டது. கொடி இறங்கியது. எம்டனில் இறந்தவர்கள் 130 பேருக்கு மேல், சிட்னியில் 4 பேர். காயம்பட்டவர்கள் அந்த இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குள் நுழைந்தபோது, அங்கே காத்திருந்த கப்பல்களிலிருந்து யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அப்படியே அமைதியாக வரவேற்றார்கள். இந்த முழுக் கதையிலும் என் மனதில் அதிகம் தங்கியிருப்பது அந்த அமைதிதான்.

கரையில் மாட்டிய மியூக்கேயும் ஆட்களும் அங்கே கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறி, சுமத்ரா, ஏமன், அரபுப் பாலைவனம் வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

எம்டன் பிடித்து அழித்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் 16, மொத்தம் 70,000 டன்னுக்கு மேல். எஞ்சினும் கரியும் முல்லரின் மதியும் அதைச் சாதித்தன. பீரங்கியும் கவசமும் அதை முடித்தன. வணிகக் கப்பல்களை வேட்டையாட எம்டன் பொருத்தமான கப்பல். தன்னைவிட வலுவான புதிய குரூசரைச் சந்திக்கக்கூடாத கப்பல். முல்லருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் இரண்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் திரிந்தார்.

தளத்தின் பிற்பாடு

கப்பல் போய்விட்டது. சிதைந்த உடலில் பெரும்பகுதியை 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெட்டி எடுத்துப் போனது. ஒரு பீரங்கி சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் இருக்கிறது. தளம் மட்டும் நின்றது.

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும், டான்சிக் யாருக்கும் சொந்தமில்லாத சுதந்திர நகரமாக்கப்பட்டது. பேரரசே இல்லாதபோது பேரரசுத் தளம் ஏது? பிரிட்டிஷ், பிரெஞ்சு, டான்சிக், போலந்துப் பங்குகளோடு ஒரு கம்பெனி அதை நடத்தியது. எம்டனைத் துரத்திய நாடுகளே எம்டன் பிறந்த இடத்தில் பங்குதாரர்கள். பிறகு ஹிட்லரின் காலத்தில் மறுபடியும் நீர்மூழ்கிகள். 1945 மார்ச்சில் சோவியத் படை நகரத்தைப் பிடித்தபோது தளம் இடிபாடு.

டான்சிக் கிடான்ஸ்க் ஆயிற்று. பக்கத்தில் இருந்த ஷிச்சாவ் தளத்தையும் சேர்த்துப் போலந்து அரசு ஒரே பெரிய தளமாக்கியது. அதற்கு லெனின் பெயரைச் சூட்டினார்கள். 1970 டிசம்பரில் விலைவாசி உயர்வை எதிர்த்து இறங்கிய தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. பத்து ஆண்டு கழித்து, 1980 ஆகஸ்ட் 14 அன்று, கிரேன் ஓட்டுநர் அன்னா வாலெண்டினோவிச்சை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்துத் தளம் முழுவதும் வேலை நிறுத்தம். லெக் வாலென்சா என்ற எலெக்ட்ரீஷியன் அதற்குத் தலைமை ஏற்றார். தொழிலாளர்கள் 21 கோரிக்கைகளை வைத்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் பிறந்தது.

பேச்சுவார்த்தை நடந்ததும் கையெழுத்தானதும் தளத்துக்குள் இருந்த ஒரு நீண்ட செங்கல் கூடத்தில். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற கூடமாக அது அப்போது இருந்தது. அதைக் கட்டியது 1900ஆம் ஆண்டை ஒட்டி, எம்டனுக்கு ஏரா வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு. பேரரசுத் தளத்தின் டார்பிடோக் கிடங்காக.

கூடம் இன்றும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம்.